பிரனேசியின் சிறைகள்: வாங்குவோர் செய்யும் தவறுகள்

அச்சோவியம் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும், இத்தாலியக் கலைஞர் பிரனேசியின் எட்சிங் (செப்புத்தகட்டில் கீறிய கோடுகளை அமிலத்தால் அரித்து, மை பூசித் தாளில் எடுக்கும் படம்) ஒன்றின் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார். கூடவே வந்த விவரக் குறிப்பைப் படித்ததும் நான் ஏமாந்த நாள் நினைவுக்கு வந்தது. புத்தகத்தில் அச்சான படத்தை அசலென்று நம்புவதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை ஒரு பூதக்கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும்.

"அசல் தகடு" என்ற சொல்லில் மயங்குதல்

ஜொவான்னி பத்தீஸ்தா பிரனேசி (1720–1778) தம் கற்பனைச் சிறைகளை 1750ஐ ஒட்டி 14 படங்களாக ரோமில் வெளியிட்டார். 1761இல் அதே செப்புத்தகடுகளில் மேலும் கோடுகளைக் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, புதிதாக இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார். அவர் மறைந்த பின்னும் தகடுகளுக்கு ஓய்வில்லை: மகன்கள் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், பின்னர் 1839 அளவில் அவை ரோமுக்கே திரும்பிப் போப்பாண்டவர் அரசின் அச்சகத்தில் மீண்டும் மை பூசிக்கொண்டன.

எனக்கு விற்ற கடைக்காரர் "அசல் தகட்டில் எடுத்த படி" என்றுதான் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதே இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தபோது, கையால் செய்த பழந்தாளில் சல்லடைக் கம்பிகள் விட்டுச்செல்லும் இணைகோடுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தொலைவில் இருந்த வளைவுகளின் நிழலுக்காக இழைத்த மெல்லிய கோடுகள், தகடு தேய்ந்ததால், இடையிடையே அறுந்து சாம்பல் பூத்துக் கிடந்தன. கலைஞர் இறந்து நெடுங்காலம் கழித்து எடுத்த படிக்கு, அவர் கையால் எடுத்த படிக்குரிய விலையை நான் கொடுத்திருந்தேன்.

இருண்டதே மூத்தது என்று நினைத்தல்

உண்மை நேர்மாறானது. முதற்பதிப்பு வெளிச்சமும் காற்றோட்டமும் உடையது, அவசரக் கிறுக்கல் போன்றது. சங்கிலிகளும் பாலங்களும் அடர்ந்த இருளும் பெருகியது 1761இல்தான். என் மனம் முதலாவதையே நாடும். ஆனால் இயல்பான வெளிச்சத்தையும் தேய்மானத்தின் வெளுப்பையும் குழப்பிக்கொள்ளலாகாது: முன்னதில் கோடுகள் தளர்வாக இருந்தாலும் அறுந்திருப்பதில்லை.

எண்ணைக் கவனியாமை

1761 தகடுகளில் ரோமன் எண் உண்டு; முதற்பதிப்பில் இல்லை.

ஓரத்தை வெட்டுதல்

அச்சிடும்போது தகட்டு விளிம்பு தாளில் பதிக்கும் அழுத்தத் தடத்தை வெட்டவே கூடாது.

சட்டத்தோடு வாங்குதல்

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்பும்படி அந்த இளைஞரிடம் சொன்னேன். சட்டத்தைக் கழற்ற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.