சித்திரை வெயிலிலும் பஃப்ஸ் பொங்க வேண்டுமா?

கடையில் வாங்கும் பஃப் பேஸ்ட்ரி ஷீட்டுக்கு மதுரை வெயில்தான் முதல் எதிரி. மாவுக்கும் மாவுக்கும் நடுவே இருக்கும் கொழுப்பு உருகினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஓவனில் நீராவி அவற்றைத் தூக்கிவிட வழியில்லை. அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைக்காதீர்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலையில், அடுப்படி சூடேறும் முன் வெட்டி மடித்து, மறுபடி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த 15 நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உள்ளே வைப்பது வறண்டு, நன்றாக ஆறியிருக்க வேண்டும். நம்ம ஊர் மட்டன் சுக்கா இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். எலும்பை நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். குழம்புப் பதத்தில் இருந்தால் அடி வேகாது. இனிப்புக்கு, கொழுக்கட்டைக்குக் கிளறும் தேங்காய்ப் பூரணமே போதும், ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக.

மேலே முட்டை தடவும்போது வெட்டிய ஓரங்களில் படக்கூடாது, பட்டால் அந்தப் பக்கம் எழும்பாது. முன்பே சூடான ஓவனில் 200 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். பொன்னிறம் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.