ரெக்கார்டிங்கில் ரேடியோ சத்தம் கேட்கிறதா? செலவு செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

ஹெட்போனில் மெலிதாக யாரோ செய்தி வாசிப்பது போலக் கேட்டால் உடனே புது ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டாரைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் பெட்டி) வாங்க ஓடாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. முதலில் எல்லா கேபிளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது சத்தம் வருகிறதோ அதுதான் சத்தம் உள்ளே நுழையும் வழி. விட்டு விட்டு வரும் "டக்டக் டர்ர்" சத்தம் என்றால் பக்கத்தில் இருக்கும் மொபைல்தான் காரணம், ஜிஎஸ்எம் (2ஜி) நெட்வொர்க்கில் இருக்கும் போன் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு சிக்னல் அனுப்புவதால் வருவது அது. ஏரோபிளேன் மோடு போதும்.

அடுத்தது ஃபெரைட் கிளிப், அதாவது ரேடியோ இரைச்சலைத் தடுக்கக் கேபிளின் மேல் மாட்டும் சின்ன வளையம். விலை மிகக் குறைவு, ஆனால் பலரும் சும்மா மாட்டிவிட்டு பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கேபிளை அதற்குள் மூன்று நான்கு சுற்று சுற்றி, இன்டர்ஃபேஸில் செருகும் முனைக்கு ஒட்டியே வையுங்கள். சுற்றுகள் கூடக்கூடத் தடுக்கும் திறன் பல மடங்கு ஏறும், அதுவும் ஏஎம் ரேடியோவுக்கு ஒற்றைச் சுற்று போதவே போதாது.

மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் (முனையில் மூன்று பின் உள்ளது) நல்லது, அதில் சிக்னல் போகும் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் கழிந்துவிடும். கிட்டார் கேபிளில் அந்த வசதி இல்லை, அதனால் முடிந்தவரை நீளத்தைக் குறையுங்கள். அப்புறம், சத்தம் போகும் என்று யார் சொன்னாலும் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து.