அக்கிலிஸ் தசைநாணின் விறைப்பை எலாஸ்டோகிராஃபியால் அளக்கும் முறை

அக்கிலிஸ் தசைநாண் என்பது கெண்டைத்தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண். எலாஸ்டோகிராஃபி என்பது திசுவுக்குள் குறுக்கலைகளை எழுப்பி, அவை பரவும் வேகத்தைக் கொண்டு விறைப்பை அறியும் அல்ட்ராசவுண்ட் முறை; திசு விறைப்பாக இருந்தால் அலை வேகமாகப் பரவும். பரிசோதனைக்கு வந்தவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு அமைக்க வேண்டும். கணுக்காலின் கோணமே இங்கு முதன்மையானது. பாதம் மேல்நோக்கி மடங்க மடங்கத் தசைநாண் இழுபட்டு, நோயின்றியே விறைப்பு கூடுவதால், ஒரே கோணத்தை இரு கால்களிலும் கடைப்பிடித்து அதைக் குறிப்பில் எழுதிவைப்பது அவசியம். கெண்டைத்தசை முற்றிலும் தளர்ந்திருக்க வேண்டும்.

தோலின்மேல் ஜெல்லைத் தடிமனாகப் பூசி, லீனியர் புரோபை (நேர்முகப்பு கொண்ட அல்ட்ராசவுண்ட் உணர்கருவியை) நார்களின் போக்கிலேயே நீளவாக்கில், சற்றும் அழுத்தாமல் வையுங்கள். விறைப்பை நிறங்களால் காட்டும் வண்ணப்படம் நிலைபெறச் சில விநாடிகள் காத்திருந்த பிறகே படத்தை நிறுத்தி, நோய் பெரும்பாலும் தோன்றும் இடமான, குதிகால் எலும்பில் தசைநாண் இணையுமிடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலுள்ள பகுதியில் அளவெடுங்கள். மூன்று முறையேனும் அளந்து சராசரி காண்பது நல்லது.

முடிவை விறைப்பின் அலகான கிலோபாஸ்கலில் தருவதைவிட, அலை வேகமாக, அதாவது விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று தருவதே என் பார்வையில் சரி. ஏனெனில் கிலோபாஸ்கலாக மாற்றும் சூத்திரம் திசு எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையுடையது என்று கொள்கிறது, நார்கள் ஒரே திசையில் ஓடும் தசைநாணோ அப்படிப்பட்டதன்று. சில கருவிகள் விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டருக்கு மேல் அளப்பதில்லை. இழுபட்ட தசைநாணில் எண் அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டால், பாதத்தைச் சற்றுத் தளர்த்தி மறுபடி அளக்கவும். நாட்பட்ட நோயில் வேகம் பொதுவாகக் குறையும்.