நடுராத்திரியில் பசித்தால்: மதுரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

போன மாசி மாதம் என் பெரியப்பா மகன் லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்கள் புதூரிலேயே வீடு பிடித்தார். முதல் வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தது. பிள்ளைகள் உட்பட எல்லோரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லண்டனில் அப்போது இரவு எட்டரை. அவர்கள் வயிறு இன்னும் அந்த ஊர்க் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் சிலிண்டர் இணைப்பு வரவில்லை. "தூங்கா நகரம்னு சொன்னியேப்பா, தெருவுல ஒரு கடைகூட இல்லையே" என்றார் அண்ணன். பத்து நிமிடத்தில் ஆட்டோ பிடித்து எல்லோரையும் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். சின்னவள் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

அன்றைக்குத்தான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், கோலாலம்பூரிலிருந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவர்கள், துபாய் வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள் என்று எங்கள் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ராத்திரி எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும்?

கடைப் பெயரைத் தேடாதீர்கள், வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. மதுரை முழுவதும் விடிய விடிய விழித்திருப்பதில்லை. பஸ் வந்து நிற்கும் இடம், லாரியிலிருந்து மூட்டை இறங்கும் இடம், பூக் கூடை வந்து சேரும் இடம், ஆஸ்பத்திரி வாசல் என்று சில இடங்கள்தான் விழித்திருக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்காகத்தான் அடுப்பு எரிகிறது. அவர்கள் தினமும் சாப்பிடுபவர்கள், ஒரு நாள் ருசி குறைந்தாலும் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தக் கடைகளில் சாப்பாடு சூடாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும்.

தெருமுனைக் கடை சீக்கிரம் மூடுவதற்கும் காரணம் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019இல் ஆணை போட்டது. பிறகு அதை நீட்டிக்கவும் செய்தது. ஆனால் புறநகரில் புரோட்டாக் கடை என்றால் மாஸ்டர், சப்ளையர், கல்லாவில் முதலாளி, பாத்திரம் கழுவ ஓர் அக்கா, அவ்வளவுதான் ஆட்கள். பதினொரு மணி வாக்கில் ரோந்து வண்டி வந்து நின்றால் ஷட்டர் பாதி இறங்கிவிடும். ஆகவே வீட்டுப் பக்கத்திலேயே சாப்பிட நினைத்தால் பத்தரைக்குள் போய்விடுங்கள்.

அந்த நேரத்தில் போனால் கிடைப்பது புரோட்டா. எங்கள் பக்கத்துப் பலகைகளில் 'புரோட்டா' என்றுதான் எழுதியிருக்கும். சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பிராட்டா, மலேசியாக்காரர்களுக்கு ரொட்டி சானாய் எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் உள்ளங்கையால் தட்டி, இரண்டு வீச்சில் கண்ணாடித்தாள் மாதிரி விரித்துவிடுவார். அதைக் கொசுவிச் சுருட்டி வைத்து, மறுபடி தட்டிக் கல்லில் போடுவார். இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு அடுக்காகப் பிரியும். அடித்த கையோடு இலைக்கு வந்தால் அதுதான் புரோட்டா. ஏற்கெனவே அடித்து அடுக்கி வைத்தது என்றால், "அண்ணே, சூடா வர்றதுல ரெண்டு குடுங்க" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"பிச்சுப் போடவா?" என்று கேட்பார்கள். சரி என்று சொல்லுங்கள். பிய்த்துப் போட்ட புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். சால்னாவுக்குத் தனியாகக் காசு கிடையாது, இன்னும் கொஞ்சம் கேட்டாலும் ஊற்றுவார்கள். கறி வேண்டுமென்றால் சுக்கா, குடல், ஈரல் எல்லாம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் குடல் இருக்குமா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், முதலில் தீர்வது அதுதான். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்றால் பன் புரோட்டா வாங்கிக் கொடுங்கள். மதுரையின் சொந்தச் சரக்கு அது. பன் மாதிரி உப்பிக்கொண்டு, வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். வீச்சு புரோட்டாவும் கனமில்லாமல் இருக்கும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கொத்து ரொட்டியை நினைத்துக்கொண்டு இங்கே கொத்து புரோட்டா கேட்டால் வேறொன்று வரும். லீக்ஸ், கேரட் எதுவும் இருக்காது. முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு, சால்னாவை ஊற்றிக் கொத்திக் கொத்தி, கிட்டத்தட்ட மாவாகவே ஆக்கிவிடுவார்கள். பெரிய துண்டாக வேண்டுமென்றால் "ரொம்பக் கொத்தாதீங்க மாஸ்டர்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கொத்தும் சத்தம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். எங்கள் மாடியில் குடியிருந்த வவுனியா அக்கா அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலோரம் வந்து நின்றுகொள்வார்.

பதினொன்றரை தாண்டிவிட்டதா? இனி தெருக்கடையை நம்பிப் பயனில்லை. உங்கள் வீட்டுக்குக் கிட்டே எந்த இடம் விழித்திருக்கிறது என்று பாருங்கள்.

புதூர், மூன்றுமாவடி, சர்வேயர் காலனி, ஒத்தக்கடை பக்கம் இருப்பவர்களுக்கு மாட்டுத்தாவணிதான். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில், ராமேஸ்வரம் என்று எல்லாத் திசைக்கும் ராத்திரி முழுவதும் பஸ் போகும் நிலையம் அது. பக்கத்திலேயே ஆம்னி பஸ் நிலையம், பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட். அங்கே நடுராத்திரி ஒரு மணியும் இரவு எட்டு மணி மாதிரிதான் இருக்கும். பஸ் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைவிட வெளியே டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்று சாப்பிடும் கடைகளைப் பாருங்கள். பயணி ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடுவார், டிரைவர் வாரத்தில் நாலு நாள் வருவார். யார் நிறையச் சாப்பிடுகிறார்களோ அந்தக் கடையில் உட்காருங்கள். இந்த ஒரு கணக்கு என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

மேற்கே காளவாசல், விளாங்குடி, பரவை பக்கம் இருப்பவர்களுக்கு ஆரப்பாளையம் பஸ் நிலையம் உண்டு. திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்பும். பரவையில் காய்கறி மார்க்கெட்டும் இருக்கிறது, லாரி வந்து நின்றால் பக்கத்தில் டீக்கடை இருக்கத்தான் செய்யும். தெற்கே திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம், வில்லாபுரம் என்றால் பெரியார் பஸ் நிலையம், ரயில்வே ஜங்ஷன் பக்கம் வாருங்கள். கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நோயாளியோடு வந்தவர்களுக்காகவே இட்லி, பால், பிரெட் விற்கிற கடைகள் நேரம் கழித்தும் இருக்கும். அங்கே போனால் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து இடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன கவலையோடு வந்திருக்கிறாரோ.

நடுராத்திரிக்கு மேல் புரோட்டாவை விடுங்கள். அந்த நேரத்துக்கு இட்லிதான். துணி போட்டு அவிக்கிற கடையாகப் பாருங்கள். தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். துணியின் தடம் இட்லியின் முதுகில் அப்படியே இருக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். அந்த இட்லியால் எந்த வயிற்றுக்கும் கெடுதல் வராது. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். சாயந்திரம் அரைத்த தேங்காய்ச் சட்னி நடுராத்திரியில் புளித்துப்போக வாய்ப்பு உண்டு. முகர்ந்து பாருங்கள், சந்தேகமாக இருந்தால் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள். சாம்பாரும் சால்னாவும் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தால் பயமில்லை. முதல் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் பாட்டில் தண்ணீராகவே குடியுங்கள். டம்ளரில் வைக்கிற தண்ணீருக்கு வயிறு பழக நாளாகும்.

சாப்பிட்ட பிறகு ஒரு பால் குடிக்காமல் வராதீர்கள். பெரிய வாணலியில் பால் சுண்டிக்கொண்டே இருக்கும், ஆடை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். சர்க்கரை வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லுங்கள். பனங்கற்கண்டு போட்டுத் தருகிற கடைகளும் உண்டு. வெளிநாட்டு நேரத்திலிருந்து தூக்கத்தை மீட்க எனக்குத் தெரிந்த நல்ல மருந்து அதுதான்.

ஜிகர்தண்டாவைக் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். சுண்டிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் போய்ச் சாயந்திரம் குடியுங்கள். நடுராத்திரிக்கு அது வேண்டாம்.

சில நடைமுறை விஷயங்கள். போனில் பணம் அனுப்பும் வசதி எல்லாக் கடையிலும் இருக்கிறது, ஆனால் இந்திய வங்கிக் கணக்கு தயாராகும் வரை உங்களுக்கு அது வேலை செய்யாமல் போகலாம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் கடைக்காரரும் பாவம். ஆட்டோவில் ஏறும் முன்பே போக வர எவ்வளவு என்று பேசிவிடுங்கள். காத்திருக்கச் சொன்னால் டிரைவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அடுத்த தடவை போன் செய்தாலே வந்துவிடுவார். புறநகர்த் தெருக்களில் ராத்திரி நடந்து போவதை நான் சொல்ல மாட்டேன். திருடனைவிட நாய்க் கூட்டம்தான் கவலை, புதிய ஆட்களின் வாசனை அவற்றுக்கு உடனே தெரிந்துவிடும். பெண்கள் தனியாகப் போவதென்றால் வெளிச்சமும் கூட்டமும் உள்ள பஸ் நிலையப் பக்கமே போங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, இரண்டையும் முதல் நாளே போனில் பதிந்து வையுங்கள்.

கூப்பிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். வயது தெரியாவிட்டால் அண்ணே, அக்கா. கல்லில் நிற்பவர் எந்த வயதானாலும் மாஸ்டர். பெயர் சொல்லியோ, கை தட்டியோ கூப்பிடாதீர்கள். இரண்டாவது தடவை போகும்போதே "என்ன தம்பி, நேத்து வரலையா" என்று அவர்களே கேட்பார்கள்.

நாள், கிழமை பார்த்தால் இன்னும் சில ராத்திரிகள் உண்டு. தை மாதம் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழா. ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் அசைவ ஹோட்டல் நடத்துகிறவர்கள் வந்து கூடுவார்கள். ராத்திரி முழுவதும் அண்டா அண்டாவாகக் கறி பிரியாணி வேகும், விடியும்போது அதுதான் பிரசாதம். பாத்திரத்தோடு வரிசையில் நிற்கத் தயங்காதீர்கள். சித்திரை மாதம் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது எங்கள் மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதாவது மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது. அன்றைக்குப் புதூரிலிருந்து தல்லாகுளம் வரை பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம், புளியோதரை, தயிர்சாதம். கடையைத் தேடவே வேண்டாம். கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், அன்று நீங்களும் ஊர்க்காரர்தான்.

டொராண்டோவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு தகவல். கோடைக்காலத்தில் அங்கே இரவு ஏழு மணிச் சாப்பாட்டு நேரம் இங்கே விடிகாலை நாலரை. அப்போது பூ மார்க்கெட் பக்கம் போங்கள். மல்லிகை மூட்டை பிரியும் வாசனையோடு, பருத்திப்பால் வண்டி வந்து நிற்கும். பருத்தி விதையை ஊற வைத்து, ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சியது. கெட்டியாக, மண் நிறத்தில் இருக்கும். மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். முதல் வாய் பழகாத ருசியாகத்தான் இருக்கும், டம்ளரைப் பாதியில் வைத்துவிடாதீர்கள். அடியில் தங்கிய கருப்பட்டியும் சுக்கும் கடைசி வாயில்தான் வரும்.