டம்மி டக்: மேசையில் 3 மணி நேரம், வீட்டில் 6 வாரம்

முதலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். வயிறு விலா எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கி, தோல் மட்டும் தொய்ந்து கிடந்தால் டம்மி டக் (உபரி வயிற்றுத் தோலை வெட்டி, விலகிய தசையைத் தைக்கும் ஆபரேஷன்) உதவும். படுத்த பிறகும் மேடாகவே நின்றால் கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே இருக்கிறது. அதை இந்த ஆபரேஷன் தொடாது. எடையைக் குறைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படியே தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வையுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால், கர்ப்பத்தில் விலகிய தசை இன்னும் சேரவில்லை.

இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் இப்போதைக்கு வேண்டாம்; தைத்த தசை மறுபடி விலகும். அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாக இன்சூரன்ஸ் பணம் வராது. தொப்புள் ஹெர்னியாவும் சேர்ந்திருந்தால் அந்தப் பகுதிக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டாக்டர் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆபரேஷனில் அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலை விலா வரை பிரித்துத் தூக்குவார்கள். நடுவில் விலகிய தசையை இழுத்துத் தைத்து, உபரித் தோலை வெட்டி, தொப்புளுக்குப் புது இடத்தில் துளை போடுவார்கள். பிரித்த தோலுக்கு இனி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் ரத்தம் வரும். அடி நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவது கடைசியில்தான். புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் முதலில் கறுத்து அழுகுவதும் அந்த இடமே. பீடியோ சிகரெட்டோ வாயில் அடக்குவதோ, எதுவானாலும் முன்னும் பின்னும் 4 வாரம் கூடாது. இதை டாக்டரிடம் மறைப்பவர்கள்தான் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங்குக்கு அலைகிறார்கள்.

டிரெயின் குழாயோடு (உள்ளே ஊறும் நீரை உறிஞ்சி, முனையிலுள்ள டப்பாவில் சேர்ப்பது) வீட்டுக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். காலையும் மாலையும் கையைச் சோப்பால் கழுவி, மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, மில்லியைத் தேதியோடு எழுதுங்கள். டப்பாவை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூட வேண்டும். காற்றோடு மூடினால் உறிஞ்சாது. சிவப்பு நாளடைவில் வெளுத்து மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குள் வந்தால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அவசரப்பட்டால் உள்ளே நீர் கட்டும். வயிற்றைத் தட்டினால் தளும்பும், ஊசியால் உறிஞ்ச வேண்டியிருக்கும்.

சேலத்தில் ஆபரேஷன் என்றால், ஏற்காடு, நாகலூர் மலைப் பக்கத்துக்காரர்கள் டிரெயின் எடுக்கும் வரை சேலத்திலேயே உறவுக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவிலும் வயிறு இழுபடும். ராத்திரியில் ரத்தம் கசிந்தால் இறங்கி வரவும் நேரமாகும். மலைக்குளிரில் இருமல் பிடித்தால் தையலுக்கு அதுவும் சோதனை. இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடியுங்கள்.

முதல் வாரம் கூனித்தான் நடப்பீர்கள், நிமிரப் பார்க்காதீர்கள். தலைக்கு மூன்று தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஆனால் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டும். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி முன்பே வாங்கி வையுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கக் கூடாது. கீரை, பப்பாளி, நிறையத் தண்ணீர். பத்தியம் என்று வெறும் ரசச் சோற்றில் நிறுத்திவிடாதீர்கள், புண் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, மீன்.

இறுக்கு பெல்ட் சுமார் 6 வாரம். சேலத்து வெயிலில் வேர்த்து அரிப்பெடுக்கும். இரண்டு செட் வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள்.

6 வாரத்துக்கு 4 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைகுடம், கேஸ் சிலிண்டர், இட்லி மாவுக் குண்டான், கைக்குழந்தை எல்லாம் இதில் அடக்கம். நாற்காலி வேலைக்கு 2 அல்லது 3 வாரத்தில் போகலாம். அம்மாப்பேட்டையில் குழித்தறி மிதிப்பவருக்கும், சரிவில் காப்பிப்பழம் பறிப்பவருக்கும் 6 வாரத்துக்குப் பிறகும் டாக்டர் சரியென்றால்தான். வீட்டில் இரண்டு வாரம் கூடமாட ஆளில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

மாலையில் வயிறு வீங்குவது 3 மாதம் வரை சகஜம், தொப்புளுக்குக் கீழே மரத்திருப்பது அதற்கும் மேல். அங்கே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. தழும்பு சிவந்து தடித்து, ஒரு வருஷத்தில் மங்கும்.

குழாயில் திடீரென்று புது ரத்தம் நிறைந்தாலோ, வயிறு ஒரு பக்கம் உப்பினாலோ, காய்ச்சலோடு கீறல் சிவந்து நாறினாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, தேய்த்துவிடக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி எந்த நம்பருக்கு அழைப்பது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.