பரணில் கிடக்கும் பழைய ஸ்டீரியோ செட்: ஸ்பீக்கரைச் சரிசெய்யுங்கள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் எண்பதுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவுக்குப் போன வீடு என்றால், பரணில் ஒரு ஸ்டீரியோ செட் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் சித்தப்பா 1985இல் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. பூவேலை செய்த உறை போட்டு ஹாலில் இருந்தது, அப்புறம் உறையோடு பரணுக்குப் போய்விட்டது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கி, பாக்ஸின் முன்துணியைக் கழற்றிப் பார்த்தேன். கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு வளையம் தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்தது விரலில் பழைய வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில் பலரும் செட்டையே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஹோம் தியேட்டர் வாங்கப் போவார்கள். அவசரப்படாதீர்கள். நான் இறக்கிப் பார்த்த பழைய செட்டுகளில் ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் சின்னச் சின்னக் கோளாறோடு பிழைத்திருந்தது. போனது ஸ்பீக்கர்தான். அதையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆம்ப்ளிஃபையர், பிறகு ஸ்பீக்கர். அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதை என் காசில் நான் கற்றுக்கொண்டேன். கீழே சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்: ஒரு மல்டிமீட்டர், சால்டரிங் அயன், ஈயம், ஒரு பென்டார்ச் செல், ஃபெவிகால், சர்ஜிக்கல் ஸ்பிரிட், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. கடைசியில் உள்ளதைத் தவிர எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஸ்பிரேக்கும், படி 5இல் வரும் கண்டென்சருக்கும் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

படி 1: பிளக்கைச் சொருகாதீர்கள்

முதலில் செட்டின் முதுகைப் பாருங்கள். ஒரு சின்னத் திருகோ நகர்த்தும் சுவிட்சோ இருக்கும். அதில் 110, 127, 220, 240 என்று எழுதியிருக்கும். சவுதியில் அந்தக் காலத்தில் பல இடங்களில் 127 வோல்ட் மின்சாரம். ஜப்பானில் உள்ளூருக்குச் செய்த செட் என்றால் வெறும் 100 வோல்ட். நம் வீட்டில் 230. குறைந்த வோல்ட்டில் நிற்கும் செட்டை அப்படியே சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் அன்றோடு முடிந்தது. சுவிட்ச் இருந்தால் 220 அல்லது 240க்கு மாற்றுங்கள். சுவிட்சே இல்லாமல் 100 அல்லது 120 என்று மட்டும் அச்சடித்திருந்தால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வேண்டும்.

மேல் மூடியைக் கழற்றி தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பல்லி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இரண்டு செட்டில் நான் பல்லியின் எலும்புக்கூட்டை எடுத்திருக்கிறேன். ஒன்று சரியாக ஃபியூஸின் மேல் படுத்திருந்தது. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு போட்ட செட் என்றால் மட்டும் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

படி 2: குண்டு பல்பு

பல வருடம் ஓடாத செட்டை நேராக லைனில் போடக் கூடாது. ஃபேனுக்குக் காயில் கட்டும் கடைகளில் ஒரு சீரிஸ் போர்டு தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்டும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். அதில் 60 அல்லது 100 வாட் பல்பு போட்டு, அதன் வழியாக செட்டை ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றுகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது குண்டு பல்பின் இழைதான். போர்டு செய்யத் தெரியாவிட்டால் கடைக்கே செட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள், இரண்டு நிமிட வேலை.

படி 3: ஸ்பீக்கரை மாட்டும் முன் மீட்டரை வையுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டை ஆன் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி, பின்பக்கம் ஸ்பீக்கர் மாட்டும் பிளஸ், மைனஸ் இரண்டிலும் முனைகளை வையுங்கள். இடது, வலது தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முழு வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

இதைப் பார்க்காமல் புதிதாக வாங்கிய ஒரு ஸ்பீக்கரை நான் மாட்டினேன். ஆன் செய்ததும் கோன், அதாவது ஸ்பீக்கரின் கூம்பு, முன்னால் துருத்தி, அப்படியே நின்றுவிட்டது. பாட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை. "என்னடா இது" என்று குனிந்து பார்ப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாசனை வந்துவிட்டது. பிறகு மீட்டர் வைத்தால் 27 வோல்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி, உள்ளே இருக்கும் டிசி முழுவதும் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலுக்குப் போயிருக்கிறது. முந்நூறு ரூபாய் மீட்டரை அலமாரியில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

வால்யூமைத் திருகும்போது கரகரவென்று வந்தால் பயப்பட வேண்டாம், அழுக்குதான். செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ட்ரோலின் உடம்பில் உள்ள சந்துக்குள் காண்டாக்ட் கிளீனரை இரண்டு முறை அடித்து, முப்பது தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். பேலன்ஸ், பாஸ், டிரெபிள், செலக்டர் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

படி 4: வளையம் மாற்றுதல்

பழைய ஸ்பீக்கரின் உயிர் மூன்று இடத்தில் இருக்கிறது: காயில், கோன், வளையம். காயிலை முதலில் பாருங்கள். மீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6லிருந்து 7 ஓம் வரை காட்டும், 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அதற்கு வளையம் மாற்றிப் பயன் இல்லை. கோனை விரல்களால் சமமாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் காயில் நேராக இருக்கிறது.

ஸ்பாஞ்சு வளையம் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் பதினைந்து இருபது வருடத்தில் தானாக மட்கிவிடும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். ரப்பர் வளையமும் துணி வளையமும் அதைவிட நன்றாகத் தாங்கும். புது வளையம் வாங்கும்போது "8 இஞ்சு" என்று சொன்னால் போதாது. கோனின் விளிம்பு விட்டம், வளையம் ஒட்டும் இரும்புச் சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மைக்செட் ஸ்பீக்கருக்கு ரீகோன் போடும், அதாவது கோன் மாற்றித் தரும், கடைகளில் கேட்டால் தடித்த துணி வளையத்தை எடுத்துத் தருவார்கள். வேண்டாம். கல்யாண வீட்டுக்கு அது சரி. வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் கோன் விறைத்துப்போய் பாஸ் வராது.

பழைய வளையத்தையும் பிசினையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஊறவைத்து, கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். பேப்பர் கோன் என்றால் பிளேடு வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஒரு வூஃபருக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. விளிம்பின் மேல் இருக்கும் அட்டை வளையத்தைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும்.

பிறகு, புது வளையத்தை முதலில் கோனோடு மட்டும் ஒட்டுங்கள். பேப்பர் கோனுக்கு ஃபெவிகால் போதும். மெல்லிய பூச்சு, சுற்றிலும் விரலால் கிள்ளிக் கிள்ளி அழுத்தி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பிளாஸ்டிக் கோனில் ஃபெவிகால் பிடிக்காது, அதற்கான பசையைக் கேட்டு வாங்குங்கள். தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும் ரப்பர் பசை மட்டும் வேண்டாம். அடுத்த வேலைக்கு நமக்கு அவகாசம் தேவை.

அடுத்த வேலை நடுவில் நிறுத்துவது. காந்தத்தின் நடுத்தண்டுக்கும் காயிலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு கூட இருக்காது. கோன் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிவிட்டால் காயில் உரசும். இதற்கு ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத் தேடிப் பிடியுங்கள். சுண்டுவிரல் அகலத்தில் நான்கு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கோனின் நடுவில் இருக்கும் மூடியைப் பிளேடால் சுற்றிலும் கீறிக் கழற்றினால் உள்ளே காயிலும் நடுத்தண்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நான்கு திசையிலும் துண்டுகளைச் செருகுங்கள். இனி கோன் எந்தப் பக்கமும் அசையாது. வளையத்தின் வெளிவிளிம்பைச் சட்டத்தில் ஒட்டி, அட்டை வளையத்தை மேலே வைத்து, துணி மாட்டும் கிளிப்புகளால் சுற்றிலும் கவ்வ விடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும், ஐப்பசி மழைக்காலம் என்றால் இரண்டு ராத்திரி.

மறுநாள் துண்டுகளை உருவிவிட்டு, செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 25 ஹெர்ட்ஸ் சத்தத்தை மிகக் குறைவாக ஆம்ப்ளிஃபையர் வழியே விடுங்கள். காதுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது. கோன் மட்டும் மூச்சு விடுவது போல முன்னும் பின்னும் போகும். சரக் சரக் என்ற உரசல் இல்லையென்றால் நடு மூடியை ஒட்டிவிடலாம். முதல் முறை அது சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்து, பக்கத்தில் யாருமே இல்லாமல் நான் தனியாகச் சிரித்தேன்.

செல்போனை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆக்ஸ், டேப், டியூனர் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஃபோனோவில் மட்டும் கூடாது. ரெக்கார்ட் பிளேயரின் மிக மெல்லிய சிக்னலுக்காக அது நூறு மடங்கு பெருக்கும், செல்போனை மாட்டினால் அலறும். பழைய செட்டில் ஐந்து முள் டின் (DIN) வட்ட சாக்கெட் இருந்தால் நடுமுள் எர்த், 3ஆம் முள் இடது, 5ஆம் முள் வலது.

படி 5: ட்விட்டரின் கண்டென்சர்

ட்விட்டர், அதாவது மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர், மங்கலாகக் கேட்டால் அதைக் குறை சொல்லும் முன் பாக்ஸுக்குள் கை விடுங்கள். ட்விட்டருக்குப் போகும் கம்பியில் ஒரு சின்ன உருளை இருக்கும், அதுதான் கண்டென்சர். கனத்த ஒலியைத் தடுத்து மேல் ஸ்தாயியை மட்டும் அனுப்புவது அதன் வேலை. 8 ஓம் ட்விட்டரோடு 4.7 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் விடும். எலக்ட்ரோலிடிக் வகை என்றால் நாற்பது வருடத்தில் உலர்ந்திருக்கும். அதே மதிப்பில், 100 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் ஃபிலிம் கண்டென்சர் வைத்து ஈயம் பற்றவையுங்கள். மதிப்பைக் கூட்டாதீர்கள். கூட்டினால் ட்விட்டர் தாங்காத ஒலியும் உள்ளே போகும். இரண்டு பாக்ஸிலும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

படி 6: பிளஸ், மைனஸ்

பென்டார்ச் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் ஒரு முனையிலும் மைனஸை இன்னொன்றிலும் ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு பாக்ஸையும் இப்படிச் சோதித்து, சிவப்புக்குச் சிவப்பு என்று மாட்டுங்கள். ஒன்று தலைகீழானால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பாஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார். கம்பிக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். தங்க முலாம் பூசிய கேபிளுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ஜோடி வளையம் வாங்கலாம்.

புது ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால்

காயிலே போய்விட்டால் வேறு வழியில்லை. பழைய பாக்ஸுக்குள் கிடைத்த வூஃபரை அப்படியே பொருத்துவதை நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வூஃபருக்கும் அதன் பாக்ஸின் கொள்ளளவு ஒரு கணக்கு. சட்டத்தின் திருகு ஓட்டைகள் பொருந்துவதால் சத்தம் பொருந்திவிடாது. முழு பாக்ஸாகவே வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஓம். உங்கள் செட்டின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் 4 ஓம் வாங்காதீர்கள், இரண்டு மடங்கு கரண்ட் இழுத்து, சித்திரை வெயிலில் ஆம்ப்ளிஃபையர் வெந்துவிடும். இன்னொன்று சென்சிடிவிட்டி, டெசிபலில் இருக்கும். 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டில் அதே சத்தம். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் தேவைப்படும் இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5 வாட் போதும். பழைய செட்டுகள் பெரும்பாலும் 15, 20 வாட்தான் என்பதால் இந்த எண்தான் முக்கியம். தொண்ணூறுகளில் பெட்டியின் மேல் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று ஊதிப் பெருக்கிய எண்ணை ஒட்டி விற்றார்களே, அதை அப்போதும் யாரும் அளந்து பார்த்ததில்லை.

எங்கே வைப்பது

எங்கள் வீட்டில் பாக்ஸைத் தரையிலேயே வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவியதில் அடிப்பலகை தண்ணீர் குடித்து இரண்டு விரல் உயரத்துக்கு உப்பியிருந்தது. இப்போது இரண்டு மர ஸ்டூலில் இருக்கின்றன. உட்கார்ந்தால் ட்விட்டர் காதுக்கு நேராக வர வேண்டும். இரண்டு பாக்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரமோ அதே அளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். மூலையில் தள்ளினால் பாஸ் கொழகொழவென்று ஆகும், சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னால் இழுங்கள். மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். டிங் என்று திரும்பி வந்தால் பாக்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள். பூவேலை உறையை மட்டும் திரும்பப் போட வேண்டாம், ஆம்ப்ளிஃபையருக்கு மேலே காற்று வேண்டும்.