பியானோவில் டெம்பரமென்ட் அமைப்பது எப்படி? காந்தாரத்திலிருந்து தொடங்குங்கள்

தம்புரா கேட்டுப் பழகிய காதுக்குப் பியானோ டியூனிங் முதலில் எரிச்சலூட்டும். ஸ்தாயியைத் தவிர வேறெதையும் இங்கே சுத்தமாகச் சேர்க்க முடியாது. சுத்தமான பஞ்சமங்களைப் பன்னிரண்டு முறை அடுக்கினால், ஏழு ஸ்தாயிகளைத் தாண்டிச் சுமார் 23.5 சென்ட் மிஞ்சும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். இந்த மிச்சத்தைப் பங்கிடும் முறைதான் டெம்பரமென்ட். எல்லாப் பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 2 சென்ட் குறுகும். நான்கு அரைச்சுர இடைவெளியான அந்தர காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் அகலும். அதனால் எழும் அலையைத்தான் பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தோம். அதை எண்ணத் தெரிந்தால் போதும்.

பழைய கையேடுகள் பஞ்சம வட்டத்தையே முதலில் சொல்லித்தரும்: ஏ-யில் தொடங்கி, நான்காம் சுர இடைவெளியும் ஐந்தாம் சுர (பஞ்சம) இடைவெளியுமாகப் பன்னிரண்டையும் சுற்றி வருவது. அதில் சிக்கல் என்னவென்றால், நடுவில் நேர்ந்த பிழை வட்டம் மூடும்போதுதான் தலைகாட்டும். எங்கே பிசகியது என்று தெரியாது. ஆகவே காந்தார இடைவெளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் காந்தாரச் சங்கிலியே புதியவர்களுக்கு ஏற்றது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. புதுச்சேரி, கடலூர்க் கரையோர வீடுகளில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும். கம்பி சுற்றிய பின்னை முதலில் சற்றே தளர்த்தி, துருவின் பிடியை விடுவித்த பிறகே ஏற்றுங்கள். நேராக ஏற்றினால் கம்பி அறுந்துபோகலாம். சுருதி வெகுவாக இறங்கிய பியானோவை முதலில் தோராயமாக ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அமைத்த டெம்பரமென்ட் நிற்காது.

எஃப்3 முதல் ஏ4 வரை (எண் ஸ்தாயியைக் குறிக்கும்; நடு சி என்பது சி4) ஃபெல்ட் பட்டையைச் செருகி, ஒவ்வொரு சுரத்துக்கும் நடுக்கம்பி மட்டும் ஒலிக்கும்படி செய்யுங்கள். 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கவையைக் கொண்டு ஏ4-ஐ அமையுங்கள். எஃப்2-வுடன் கவையும், எஃப்2-வுடன் ஏ4-உம் ஒரே வேகத்தில் விம்மினால் சரி. பிறகு ஒரு ஸ்தாயி கீழே ஏ3.

இனி எஃப்3. ஏ3-உடன் அலையின்றிச் சேர்த்துவிட்டு, எஃப்3-ஐ மெல்ல இறக்குங்கள். விநாடிக்கு 7 விம்மல் வரும்போது நிறுத்துங்கள். மெட்ரோனோமை 105-இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு என எண்ணினால் அதே 7. காதில் பிடிபடவில்லையா? இரண்டு கட்டைகளையும் ஒலிக்காமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஏ5-ஐ வெடுக்கென்று தட்டி எடுங்கள். விம்மல் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பிடித்த கம்பிகளில் அது மட்டும் தனியே மிதந்து கேட்கும்.

அடுத்து ஸ்தாயியாக எஃப்4, நடுவே சி ஷார்ப்4. ஏ3–சி ஷார்ப்4 சுமார் 9, சி ஷார்ப்4–எஃப்4 11, எஃப்4–ஏ4 14 என வேகம் ஏற வேண்டும். படி ஒன்று துள்ளினால் எஃப்3-க்குத் திரும்புங்கள். சிறிய பியானோக்களில் கம்பியின் விறைப்பால் இந்த எண்கள் சற்று மாறும். எண்ணை விட ஏற்றம் சீராக இருப்பதே முக்கியம்.

இப்போது இடைவெளிகளை நிரப்புங்கள். ஏ3-இலிருந்து டி4, ஜி3, சி4 என்று வந்து எஃப்3-உடன் சோதியுங்கள். நான்காம் சுரங்கள் விநாடிக்கு ஒரு விம்மல் அளவுக்கு அகலட்டும். ஐந்தாம் சுரங்கள் அதைவிட மெதுவாக விம்மிக் குறுகட்டும். இதேபோல ஏ3-இலிருந்து ஈ4, பி3, எஃப் ஷார்ப்4 வழியாகச் சி ஷார்ப்4; அங்கிருந்து ஜி ஷார்ப்3, டி ஷார்ப்4, ஏ ஷார்ப்3 வழியாக எஃப்4. மூன்றே சுரங்களுக்கு ஒருமுறை சோதனை வருவதால் பிழை அதற்குமேல் ஓடாது. விடுபட்ட சுரங்களை ஸ்தாயியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எஃப்3-இலிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறிக் காந்தாரங்களை வாசியுங்கள். விம்மல் சீராக வேகமெடுக்க வேண்டும். டியூனிங் செயலியை இந்த இடத்தில் சரிபார்க்க மட்டும் திறங்கள்.

கை பழகியதும், மிச்சத்தைச் சமமாகப் பங்கிடாத வல்லோட்டி முறையை முயலலாம். எஃப்–சி–ஜி–டி–ஏ–ஈ–பி என்ற ஆறு பஞ்சமங்கள் மட்டும் சுமார் 4 சென்ட் குறுகும்; மற்ற ஆறும் சுத்தம். சி–ஈ காந்தாரத்தின் அகலம் 6 சென்ட்டாகக் குறைந்து இனிக்கும்; எஃப் ஷார்ப்–ஏ ஷார்ப் 21 சென்ட்டைத் தாண்டிக் கடுக்கும். எல்லாச் சுருதியிலும் பாட்டு வாசிக்கும் தேவாலயப் பியானோவுக்கு இதை அமைத்துக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்களுக்கு போன் வரும்.